"எல்லாரும் அப்படித்தான்" என்ற நினைப்பின் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள். கல்லூரியில் பிள்ளை படிக்கிற வீட்டார் மட்டும் தள்ளிப்போடாமல் படித்துவிடுங்கள்.

கல்லூரிச் சேர்க்கை நடக்கும் நேரம் இது. என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகளே இப்போது விடுதிக்குப் பெட்டி கட்டுகிறார்கள். சிலர் கடல் கடந்தும் போகிறார்கள். பெற்றோர் என்னிடம் கேட்கிற கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "சார், காலேஜ்ல எல்லாப் பசங்களும் குடிக்கிறாங்களாமே, நம்ம புள்ள எப்படித் தப்பிக்கும்?" பிள்ளைகளின் கேள்வி வேறு. அதை அவர்கள் பெரும்பாலும் வாய்விட்டுக் கேட்பதில்லை: "மத்தவங்க எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, நான் மட்டும் ஏன் இப்படி இருக்கேன்?"

இரண்டு கேள்வியிலும் 'எல்லாரும்' என்ற சொல் இருக்கிறது. அந்த ஒரு சொல்லைப் பற்றி அமெரிக்கக் கல்லூரிகளில் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ச்சி நடந்திருக்கிறது. வரலாறு நடத்தியவன் என்பதால் ஆண்டு வரிசைப்படியே சொல்கிறேன்.

முதலில் நம் வகுப்பறையிலிருந்து ஓர் உதாரணம். பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா? சந்தேகம் இருந்தா கேளுங்க" என்பேன். ஒரு கை உயராது. ஒவ்வொருவரும் பக்கத்தில் திரும்பிப் பார்ப்பீர்கள். யாரும் கேட்கவில்லை, அப்படியென்றால் எல்லாருக்கும் புரிந்துவிட்டது, எனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று முடிவு செய்துகொண்டு வாயை மூடிக்கொள்வீர்கள். நாற்பது பேருக்கும் அதே நினைப்பு! டேல் மில்லர், கேத்தி மெக்ஃபார்லண்ட் என்ற இரு உளவியலாளர்கள் 1987இல் இதையே ஆய்வாக வெளியிட்டார்கள். யாருக்கும் எளிதில் புரியாத ஒரு கட்டுரையை மாணவர்களிடம் கொடுத்து, "சந்தேகம் இருந்தால் வந்து கேட்கலாம்" என்றார்கள். யாரும் போகவில்லை. ஏன் போகவில்லை என்றால், தனக்குக் கூச்சம். மற்றவர் ஏன் போகவில்லை என்று கேட்டால், அவர்களுக்குப் புரிந்திருக்கும். செயல் ஒன்றுதான். தனக்கு ஒரு காரணம், பிறருக்கு வேறு காரணம்.

இந்த நிலைக்கு உளவியலில் 'ப்ளூரலிஸ்டிக் இக்னரன்ஸ்' என்று பெயர். 'கூட்டு அறியாமை' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஒரு கூட்டத்தில் பெரும்பாலோர் மனத்துக்குள் ஒன்றை நினைக்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் எல்லாரும் வேறு மாதிரி நினைக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நம்புகிறார்கள்.

இந்தக் கருத்து பிறந்ததே ஒரு கல்லூரியில்தான். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஃப்ளாய்ட் ஆல்போர்ட் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர் டேனியல் கட்ஸும் மாணவர்களின் மனப்போக்குகளை ஆராய்ந்து 1931இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அங்கே 'ஃப்ரெட்டர்னிட்டி' என்ற மாணவர் சங்க இல்லங்கள் உண்டு. சில இனத்தாரையும் மதத்தாரையும் அவற்றில் சேர்ப்பதில்லை. தனித்தனியாகக் கேட்டபோது, சேர்த்துக்கொள்ள எனக்கு ஆட்சேபம் இல்லை என்றவர்கள் நிறைய. "பிறகு ஏன் சேர்க்கவில்லை?" என்றால், மற்றவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதே பதில். யாரும் முழு மனதோடு விரும்பாத ஒரு தடை, எல்லாரும் விரும்புகிறார்கள் என்ற நம்பிக்கையில் நின்றுகொண்டிருந்தது. அநீதி நிலைத்து நிற்பதற்குக் கெட்டவர்கள் நிறையப் பேர் தேவையில்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

அடுத்த ஆண்டு, 1932இல், ரிச்சர்ட் ஷாங்க் என்ற ஆய்வாளர் ஒரு சிறிய கிராமத்தைப் பற்றி எழுதினார். 'எல்ம் ஹாலோ' என்று அதற்குப் புனைபெயர் வைத்தார். சர்ச்சைச் சேர்ந்த அந்த ஊர்க்காரர்கள் சீட்டாட்டம், புகை, மது எல்லாமே தவறு என்று பொது இடத்தில் உறுதியாகச் சொன்னார்கள். ஆனால் அவர்களில் பலர் அதே ஷாங்கோடு வீட்டுக்குள் உட்கார்ந்து சீட்டாடினார்கள், குடித்தார்கள். ஊரில் மற்றவர்கள் எல்லாரும் கட்டுப்பாடாக இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வீடும் நம்பிக்கொண்டிருந்தது. பின்னால் கல்லூரிகளில் தெரியவந்த விஷயம் இதற்கு நேர் எதிர். அங்கே ஒவ்வொருவரும் தான் கட்டுப்பாடாக இருக்க விரும்பியபடியே, மற்றவர்கள் எல்லாரும் கட்டுப்பாடில்லாமல் இருக்க விரும்புகிறார்கள் என்று நம்பினார்கள்.

மாணவர்களின் குடியைப் பற்றிய முதல் பெரிய ஆய்வு யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ராபர்ட் ஸ்ட்ராஸ், செல்டன் பேக்கன் இருவரும் 27 கல்லூரிகளில் 15,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் விவரம் திரட்டி 1953இல் புத்தகமாக்கினார்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் மது அருந்துபவர்களாக இருந்தார்கள். ஆனால் தினமும் தள்ளாடுகிற கூட்டமாக அவர்கள் இல்லை. ஒருவர் குடிப்பதையும் குடிக்காததையும் குடும்பப் பழக்கம், மதம், நண்பர்கள் ஆகியவை பெரிதும் தீர்மானித்தன. கல்லூரிக்குள் நுழைந்தவுடன் பிள்ளை வேறு ஆளாக மாறிவிடுகிறது என்ற பேச்சுக்கு அந்த நூல் ஒரு மறுப்பு.

உண்மையான திருப்பம் 1986இல் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா என்ற ஊரில் ஹோபார்ட் அண்ட் வில்லியம் ஸ்மித் கல்லூரிகள் உள்ளன. அங்கே சமூகவியல் ஆசிரியராக இருந்த வெஸ்லி பெர்க்கின்ஸும், மாணவர் ஆலோசகராக இருந்த ஆலன் பெர்க்கோவிட்ஸும் மாணவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். குடிப்பதைப் பற்றி உன் சொந்தக் கருத்து என்ன? இங்குள்ள பொதுவான மாணவர்களின் கருத்து என்னவாக இருக்கும்? முதல் கேள்விக்குப் பெரும்பாலோர் மிதமாகவே பதில் சொன்னார்கள்: படிப்பும் பொறுப்பும் கெடாமல் இருக்க வேண்டும் என்றார்கள். இரண்டாவது கேள்விக்கு வந்த பதில்களோ, ஊரே போதையில் மிதப்பது போல இருந்தன. அந்த 'பொதுவான மாணவர்' யார்? பதில் எழுதிய அவர்களேதான்!

ஏன் இந்தத் தவறான கணக்கு? காரணம் எளிது. சனிக்கிழமை இரவு விடுதி வராந்தாவில் கத்திக்கொண்டு விழுகிறவன் ஒருவன். அறைக்குள் படித்துக்கொண்டோ தூங்கிக்கொண்டோ இருப்பவர்கள் முப்பது பேர். மறுநாள் காலை பேச்சு யாரைப் பற்றி? அந்த ஒருவனைப் பற்றித்தான். அமைதியாக இருந்த முப்பது பேரைப் பற்றிச் சொல்ல யாரிடமும் கதை இல்லை. கண்ணில் படுவதும் காதில் விழுவதும் அந்த ஒருவன்தான் என்பதால், மனம் அவனையே மாதிரியாக எடுத்துக்கொள்கிறது.

1993இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெபோரா பிரென்டிஸும், மேலே சொன்ன அதே டேல் மில்லரும் இதை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். (பிரென்டிஸ் 2023 முதல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருக்கிறார்.) அங்கும் முடிவு அதுவே: வளாகத்தில் நடக்கும் குடி எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை, ஆனால் சராசரி மாணவருக்குப் பிடித்திருக்கிறது என்று மாணவர்கள் நினைத்தார்கள். ஒரு பருவம் முழுக்கத் தொடர்ந்து கவனித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஆண் மாணவர்கள் தங்கள் சொந்தக் கருத்தை, 'எல்லாரும் நினைப்பதாக' நம்பிய பக்கம் மெல்ல மாற்றிக்கொண்டார்கள். இல்லாத வழக்கம் ஒன்று, நம்பப்பட்டதாலேயே உண்மையாகத் தொடங்கியது. பெண்கள் அப்படி மாறவில்லை. வளாகத்தில் பீர் பீப்பாய்களுக்குத் தடை வந்தபோது, 'என் கருத்து மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை' என்று எண்ணிய மாணவர்கள், கல்லூரியின் பழைய மாணவர் சந்திப்புகளுக்குக்கூட எதிர்காலத்தில் குறைவாகவே வருவோம் என்றார்கள். 'நான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் இல்லை' என்ற எண்ணம் எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

அதே 1993இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹென்றி வெக்ஸ்லர் 140 கல்லூரிகளில் 17,592 மாணவர்களிடம் கணக்கெடுத்தார். கடந்த இரண்டு வாரத்தில் ஒரே அமர்வில் ஆண் ஐந்து முறையோ பெண் நான்கு முறையோ ஊற்றிக் குடித்திருந்தால் அதை மிதமிஞ்சிய குடி என்று வைத்தார். 44 சதவீதம் பேர் அந்தக் கணக்கில் வந்தார்கள். பத்திரிகைகள் அலறின. அதே அறிக்கையில், அந்த ஓராண்டில் மதுவைத் தொடாதவர்கள் சுமார் 16 சதவீதம் பேர் என்பதும் இருந்தது. மிதமிஞ்சிக் குடிக்காதவர்கள் பாதிக்கும் மேல் என்பதும் அதே எண்ணிலிருந்தே கிடைக்கிறது. அது யார் கண்ணிலும் படவில்லை.

இங்கே இரண்டு கட்சிகள் உருவாயின. பெர்க்கின்ஸ் தரப்பு சொன்னது: பயமுறுத்தப் பயமுறுத்த, 'எல்லாரும் குடிக்கிறார்கள்' என்ற பொய்தான் வலுப்படுகிறது, உண்மைக் கணக்கைச் சொல்லுங்கள், போதும். வெக்ஸ்லர் தரப்பு சொன்னது: 44 சதவீதம் என்பது சிறிய எண்ணா? விபத்து, வன்முறை, மரணம் எல்லாம் நடக்கின்றன, அக்கம்பக்கத்து மதுக்கடைகளையும் மலிவு விலையையும் கட்டுப்படுத்தாமல் சுவரொட்டி ஒட்டினால் போதுமா?

வடக்கு இல்லினாய் பல்கலைக்கழகம் சுவரொட்டி வழியைச் செய்து பார்த்தது. 1980களின் இறுதியில் அங்கே மிதமிஞ்சிக் குடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. மாணவர்கள் நினைத்ததோ மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். மைக்கேல் ஹெய்ன்ஸ் என்ற சுகாதார அலுவலர், வழக்கமான எச்சரிக்கைகளை விட்டுவிட்டு, 'நம் மாணவர்களில் பெரும்பாலோர் அளவோடு இருக்கிறார்கள்' என்ற உண்மையை மாணவர் பத்திரிகையிலும் சுவரொட்டிகளிலும் திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த ஆண்டுகளில் நினைப்பும் குறைந்தது, குடியும் குறைந்தது. நாடு முழுக்கக் கல்லூரிகள் இந்த முறையைப் பிடித்துக்கொண்டன.

ஆனால் 2003இல் வெக்ஸ்லர் குழு இந்தப் பிரசாரம் நடந்த 37 கல்லூரிகளையும் நடக்காத 61 கல்லூரிகளையும் ஒப்பிட்டது. பிரசாரத்தால் குடி குறைந்ததாகத் தெரியவில்லை. பீர் தயாரிக்கும் நிறுவனத்தின் பணம் சில பிரசாரங்களுக்கு வந்திருந்ததும் சந்தேகத்தைக் கிளப்பியது. பிறகு வில்லியம் டிஜாங் என்ற ஆய்வாளர் குலுக்கல் முறையில் கல்லூரிகளைப் பிரித்துச் சோதித்தார். 2006இல் வந்த முதல் சோதனையில் பலன் தெரிந்தது. 2009இல் வேறு கல்லூரிகளில் வந்த இரண்டாவது சோதனையில் தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் மதுக்கடைகள் நெருக்கமாக இருந்த இடங்களில் சுவரொட்டி தோற்றது என்று அவர்கள் கருதினார்கள். நல்ல வாசகமும் வேண்டும், கடையின் எண்ணிக்கையும் குறைய வேண்டும் என்று நாம் இதைப் புரிந்துகொள்ளலாம்.

சராசரியைச் சொல்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. இது கல்லூரி ஆய்வு இல்லை, ஆனாலும் சொல்கிறேன். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் ஊர் வீடுகளுக்கு 'உங்கள் பகுதியின் சராசரி மின்செலவு இவ்வளவு' என்று சீட்டு கொடுத்தார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். குறைவாகச் செலவழித்தவர்களோ கூட்டிவிட்டார்கள்! அந்தச் சீட்டில் ஒரு சிரித்த முகம் வரைந்து கொடுத்தபோது, குறைவாகச் செலவழித்தவர்கள் அப்படியே நீடித்தார்கள். நல்ல பிள்ளையிடம் 'நீ நல்லாத்தான் இருக்கே' என்று ஒரு வார்த்தை சொல்வது வீண் இல்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

சுவரொட்டியைவிட நன்றாக வேலை செய்தவை இரண்டு. இரண்டுமே பேச்சுதான். பிரின்ஸ்டனில் கிறிஸ்டின் ஷ்ரோடரும் பிரென்டிஸும் முதலாமாண்டு மாணவர்களைச் சிறு குழுக்களாக உட்கார வைத்து இந்தக் கூட்டு அறியாமையைப் பற்றிப் பேச வைத்தார்கள். சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, குடியின் தீமையை மட்டும் கேட்டுப் போனவர்களைவிட இவர்கள் குறைவாகக் குடித்தார்கள். இது 1998இல் வெளியானது. அதே ஆண்டு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆலன் மார்லட் குழுவும் ஓர் ஆய்வை வெளியிட்டது. குடியில் இறங்கக்கூடிய அபாயம் உள்ள முதலாமாண்டு மாணவர்களை ஒருமுறை தனியாக அழைத்து, 'நீ குடிப்பது இவ்வளவு, மற்றவர்கள் உண்மையில் குடிப்பது இவ்வளவு, நீ என்ன நினைக்கிறாய்?' என்று திட்டாமல், மிரட்டாமல் பேசினார்கள். இரண்டு ஆண்டு கழித்தும் அதன் பலன் தெரிந்தது. இந்த மார்லட் தன் ஆய்வகத்தை ஒரு மதுக்கூடம் போலவே அமைத்து வைத்திருந்தவர். மது கலக்காத பானத்தை மது என்று சொல்லிக் கொடுத்தபோதும் மாணவர்கள் ஆட்டம் பாட்டமாகிவிடுவார்கள். குடித்தால் வரும் 'துணிச்சலில்' ஒரு பகுதி பாட்டிலில் இல்லை, மனத்தில் இருக்கிறது என்று காட்டினார்.

இனி பிள்ளைகளின் கேள்விக்கு வருகிறேன்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 'வாத்து நோய்' என்று மாணவர்களே ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். நீர்மேல் வாத்து அலட்டாமல் மிதக்கிறது. தண்ணீருக்கு அடியில் கால்கள் இரண்டும் ஓயாமல் அடித்துக்கொள்கின்றன. அங்கே ஆய்வு மாணவராக இருந்த அலெக்சாண்டர் ஜோர்டன், முகநூலில் மற்றவர்களின் படங்களைப் பார்த்துவிட்டுத் தன் நண்பர்கள் சோர்ந்துபோவதைக் கவனித்தார். அவரும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட முடிவு இது: மாணவர்கள் தங்கள் சந்தோஷத்தைப் பிறர் முன்னால் அனுபவிக்கிறார்கள். அழுகை, தனிமை, தோல்வி இவற்றைத் தனியறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். அதனால் சக மாணவர்களின் துயரத்தை எல்லாரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். நெருங்கிய நண்பர்கள் விஷயத்திலும் அப்படித்தான். அப்படிக் குறைத்து மதிப்பிடுகிறவர்களிடம் தனிமையுணர்வும் கூடுதலாக இருந்தது.

முன்பு பார்த்த அதே கதைதான், மறுபக்கத்திலிருந்து. மற்றவர்களின் குடி கண்ணில் படுகிறது, அதனால் அதைக் கூட்டிக் கணக்குப் போடுகிறோம். மற்றவர்களின் கண்ணீர் கண்ணில் படுவதில்லை, அதனால் அதைக் குறைத்துக் கணக்குப் போடுகிறோம். 'எல்லாரும் குடிக்கிறார்கள், எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்' என்று இரண்டு பொய்யும் சேர்ந்துகொண்டால், தனியாகத் தவிக்கிற பிள்ளையை அது எங்கே இட்டுச் செல்லும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கும் மருந்து தேடியிருக்கிறார்கள். கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹென் இருவரும் 2011இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதலாமாண்டு மாணவர்கள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படித்தார்கள். 'வந்த புதிதில் எனக்கும் இது என் இடமில்லை என்றுதான் தோன்றியது, போகப்போகச் சரியாயிற்று' என்பதே அவற்றின் சாரம். பிறகு அடுத்த ஆண்டு வரப்போகும் மாணவர்களுக்காகத் தங்கள் அனுபவத்தை எழுதிப் பேசிப் பதிவு செய்தார்கள். அவ்வளவுதான். மூன்று ஆண்டுகள் கழித்து, இதில் பங்கேற்ற கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்திருந்தது. மருத்துவரைப் பார்க்கப் போனதும் குறைந்திருந்தது. 1931இல் சிரக்யூஸில் எந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் கதவு மூடியிருந்ததோ, அவர்களின் பேரப்பிள்ளைகள் வயதுக்காரர்களுக்குத்தான் இந்த ஒரு மணி நேரம் அதிகம் உதவியது என்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. அங்குள்ள சதவீதங்களை எடுத்து இங்கே ஒட்ட முடியாது. ஆனால் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத் தன்னை எடைபோடும் மனம் எல்லா ஊரிலும் இருப்பதுதான். அதனால் மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன்.

பெற்றோருக்கு: "இந்தக் காலத்துப் பசங்க எல்லாருமே கெட்டுப் போயிட்டாங்க" என்று பிள்ளை காதுபடச் சொல்லாதீர்கள். எச்சரிக்கை என்று நினைத்துச் சொல்கிறீர்கள். ஆனால் 'எல்லாரும் செய்கிறார்கள், செய்யாதவன் ஒற்றையாள்' என்றுதான் அது பிள்ளையின் மனத்தில் பதிகிறது. ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. ஆபத்தைச் சொல்லுங்கள், கூடவே, அளவோடு இருப்பவர்கள்தான் அதிகம் என்பதையும் சொல்லுங்கள். போனில் "சாப்பிட்டியா, மார்க் எவ்வளவு" என்பதோடு நிறுத்தாமல், "அங்க மனசுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள்.

கல்லூரிக்குப் போகும் பேரப்பிள்ளைகளுக்கு: முதல் ஆறு மாதம் கஷ்டமாக இருப்பது உன் குறை இல்லை. உன் அறைத்தோழனுக்கும் அப்படித்தான் இருக்கும், அவனும் உன்னைப் பார்த்து 'இவன் நல்லா இருக்கான்' என்று நினைத்துக்கொண்டிருப்பான். யாராவது ஒருவர் முதலில் வாயைத் திறக்க வேண்டும். அது நீயாக இரு. வகுப்பில் கை தூக்குவது போலத்தான். சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால், நண்பனிடம் சொல்வதோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் போ. அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இப்போது கல்லூரி ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு: உங்களில் சிலர் விடுதிக் காப்பாளர்களாகவும் இருக்கிறீர்கள். முதல் வார வரவேற்பு நிகழ்ச்சியில் தங்கப் பதக்கம் வாங்கியவனை மட்டும் மேடையேற்றாமல், முதல் பருவத்தில் தடுமாறி, அழுது, பிறகு காலூன்றிய மூன்றாமாண்டு மாணவர் ஒருவரையும் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். செலவில்லாத காரியம்.

படித்து முடித்தவர்கள், விடுதியில் உங்கள் முதல் மாதம் எப்படி இருந்தது என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள். இங்கே நிறைய இளம்பிள்ளைகளும் படிக்கிறார்கள். 'அப்பாவுக்கும் அத்தைக்கும்கூட அப்படி இருந்ததா' என்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்